உஷார்! ‘அனுப்பாதீங்க’ என்பதற்குள் ‘அனுப்பு’ இருக்கிறது

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் விடுதி நடத்துகிறவர்கள், மருத்துவமனை வைத்திருப்பவர்கள், விவசாயிகள் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். “ஆள் வைக்க வேண்டாம், போனை எந்திரமே எடுக்கும், தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும், சீசன் நேரத்தில் ராப்பகலாகப் பதில் சொல்லும்” என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: “இந்த எந்திரம் எந்தெந்தச் சொற்களை எதிர்பார்க்கிறது? அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.” பட்டியல் கைக்கு வந்ததும், ‘வேண்டாம்’ என்பதை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே விதமாக, அதுவும் புத்தகத் தமிழில் மட்டும் இருந்தால், அந்த எண்ணை ஊர் மக்களிடம் கொடுக்காதீர்கள். ஆபத்து.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. போனில் பேசும் இந்த எந்திரங்களில் பல, தமிழைத் தெரிந்துகொண்டு நம் பேச்சைக் கேட்பதில்லை. இன்ன கேள்விக்கு இன்ன பதில்கள்தான் வரும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கிறார். தொழிலில் அதற்குக் ‘கிராமர்’ என்று பெயர். அரசு விண்ணப்பத்தில் கட்டம் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. கட்டத்துக்குள் அடங்காத பதிலுக்கு இடமில்லை. கிராமர் எழுதுவதற்கு உலகம் முழுக்க ஒரு பொது முறை இருக்கிறது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004 மார்ச் 16 அன்று எஸ்.ஆர்.ஜி.எஸ். என்ற பெயரில் அதை வெளியிட்டது. தொலைபேசி உரையாடலை எழுதுவதற்கான வாய்ஸ்எக்ஸ்எம்எல் 2.0 மொழியும் அதே நாளில் வந்தது. அதற்கு முன்பே ஜாவா என்ற கணினி மொழிக்கென்று ஜே.எஸ்.ஜி.எஃப். என்ற கிராமர் முறை இருந்தது. ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொற்கள், எது விட்டுப்போகலாம், எது திரும்ப வரலாம், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் கிராமரில் எழுதலாம். நல்ல முறைதான். ஆனால் அதை நிரப்புகிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து, பாவூர்சத்திரத்துக்காரர் எப்படிப் பேசுவார் என்று ஒருமுறைகூடக் காதால் கேட்காமல் நிரப்புகிறார். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலில் இல்லாத சொல்லைச் சொன்னால் எந்திரம் “விளங்கலையே” என்று திருப்பிக் கேட்கும் என நம்பிவிடாதீர்கள். இருப்பவற்றில் எது ஒலியில் ஓரளவு ஒத்துவருகிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஒத்துவந்தால் ஏற்கலாம் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு. யாரும் கைவைக்காமல் விட்டால், வாய்ஸ்எக்ஸ்எம்எல் முறையில் அது 0.5. அந்த அளவைத் தாண்டிய மதிப்பெண், நீங்கள் சொன்னதை எந்திரம் சரியாகக் கேட்டது என்பதற்குச் சாட்சி அல்ல. பட்டியலில் போட்டிக்கு வேறு சொல் இல்லாதபோது, தவறான சொல்லே நல்ல மதிப்பெண்ணோடு முன்னால் வந்து நின்றுவிடும்.

உயிர் வினையின் வாலில் இருக்கிறது

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னால் தனியாக வந்து நிற்கும். தமிழில் அது வினையின் கடைசியில், பகுதியோடு ஒட்டிக்கொண்டு வரும். அனுப்பு, அனுப்பாதீங்க. ரத்து பண்ணு, ரத்து பண்ணாதீங்க. விடுதாங்க, விடல. ‘வேணும்’ என்பதற்கும் ‘வேணாம்’ என்பதற்கும் நடுவில் இருப்பது ஓர் உயிரெழுத்தின் வேறுபாடு. இரைச்சல் நிறைந்த பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, மலிவான போனில் பேசுகிற ஒருவரின் குரலில் அந்த ஓர் உயிரெழுத்து தங்குமா?

கிராமர் எழுதுகிறவர் செய்யும் ஒரு காரியத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். “கொஞ்சம் பணத்த அனுப்பி விடுங்க தம்பி” என்று நாம் சுற்றி வளைத்துப் பேசுவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் முக்கியமான சொல்லை மட்டும் குறித்துவிட்டு, முன்னாலும் பின்னாலும் எது வந்தாலும் தள்ளிவிடு என்று எழுதுகிறார். எஸ்.ஆர்.ஜி.எஸ். முறையிலேயே இதற்கென்று ஒரு விதி உண்டு. அதன் பெயர் ‘கார்பேஜ்’, குப்பை. ‘அனுப்பு’ என்பது முக்கியச் சொல், பின்னால் வருவது குப்பை. இந்த ஏற்பாட்டில் “அனுப்பாதீங்க” என்று ஒருவர் பதறினால் என்ன ஆகும்? எந்திரம் ‘அனுப்பு’ என்பதை எடுத்துக்கொண்டு, ‘ஆதீங்க’ என்பதைக் குப்பையில் போட்டுவிடும். அதாவது அவர் வேண்டாம் என்றதை வேண்டும் என்று எழுதிக்கொள்ளும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. நாம் பேசி முடித்துவிட்டோம் என்பதை எந்திரம் மௌனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு பதில் முழுதாக வந்துவிட்டதென்று அதற்குத் தோன்றினால், அதன்பின் மிகக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். வாய்ஸ்எக்ஸ்எம்எல் குறிப்பு அந்த இடைவெளிக்குப் பொருத்தமாகச் சொல்வது 0.3 நொடியிலிருந்து 1 நொடி வரை. நம் பெரியவர்கள் பேசுவதை நினைத்துப் பாருங்கள். “அனுப்ப…” என்று இழுத்து, மூச்சு வாங்கி, யோசித்து, அதற்குப் பிறகு “…வேண்டாம்யா” என்று முடிப்பார்கள். அந்த இழுவைக்குள் எந்திரம் முடிவெடுத்துவிட்டிருக்கும். ‘வேண்டாம்’ என்பது யார் காதிலும் விழாமல் போகும்.

எந்திரத்தோடு பேசுவது பணத்தோடு சேர்ந்து வரும் காலம் இது. பொத்தான் போன்காரர்களும் பணம் அனுப்பட்டும் என்று யு.பி.ஐ. 123பே 2022 மார்ச்சில் வந்தது. வாயால் சொல்லியே பணம் அனுப்பும் ‘ஹலோ! யு.பி.ஐ.’ 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அடுத்து மற்ற இந்திய மொழிகளிலும் என்றார்கள். பி.எம். கிசான் திட்டம் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வந்த ‘கிசான் இ-மித்ரா’விடம் தமிழிலும் பேசலாம். வரட்டும், வர வேண்டியவைதான். படிக்கத் தெரியாதவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் குரல் ஒரு பெரிய வாசல். அதனால்தான் அந்த வாசலில் நிற்கும் பட்டியலை இவ்வளவு கறாராகப் பார்க்கச் சொல்கிறேன். பணம் போகும் இடத்தில் ‘ஆமா’ என்ற ஒரு சொல்லை நம்பி எதுவும் நடக்கக் கூடாது. தொகையையும் பெயரையும் திருப்பிச் சொல்லி, பொத்தானை அழுத்தி உறுதி செய்யச் சொல்ல வேண்டும். வாய் குழறலாம், பொத்தான் குழறாது.

அருவிக்கரையில் இன்னும் உஷார்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வியை நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள். “தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?” ஜூன் மாதம் சாரல் தொடங்கியதிலிருந்து விடுதிக்காரர்கள் நாள் முழுக்க இதற்குத்தான் பதில் சொல்கிறார்கள். எந்திரத்தின் பட்டியலில் இந்தக் கேள்வி எப்படி இருக்கும்? ‘அருவியில் நீர்வரத்து உள்ளதா’, ‘குளிக்க அனுமதி உண்டா’ என்று இருக்கும். யாராவது அப்படிக் கேட்பார்களா? ‘விடுறாங்களா’ என்று பேச்சுத் தமிழில் எழுதியிருந்தாலும், நெல்லைப் பக்கத்து ‘விடுதாங்களா’ அதற்குள் வராது. நம்மவர் ‘சொல்லுதேன்’ என்கிறார். பட்டியலில் இருப்பதோ ‘சொல்றேன்’. பதில் சொல்லும் நம் ஆட்கள் “ஆர்ச்சத் தாண்டி விழுது, விடல” என்பார்கள். மெயின் அருவியின் பாதுகாப்பு வளைவைத்தான் ஆர்ச் என்கிறோம். வெளியூரில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இதைவிட என்னைத் திடுக்கிட வைக்கும் ஒன்று உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். சீசனில் மலையாளிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்கள் கேட்பது, “வெள்ளம் உண்டோ?” அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் அதற்குப் பொருள். தமிழ்ப் பட்டியலில் ‘வெள்ளம்’ எங்கே இருக்கும்? ஆபத்து, எச்சரிக்கை, உதவி என்ற பிரிவில் இருக்கும். மகிழ்ச்சியாகக் குளிக்க வந்தவர் கேட்ட கேள்வியை எந்திரம் அபாயக் குரலாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு பேர் அப்படிக் கேட்டால், பொறுப்பில் இருப்பவர் எரிச்சலாகி அந்த அறிவிப்பையே அணைத்து வைப்பார். உண்மையில் ஆபத்து வரும்போது நம் ஊர்க்காரர் ‘வெள்ளப்பெருக்கு’ என்றா கத்துவார்? “தண்ணி கூடிட்டு! கலங்கலா வருது! ஏறுங்க, ஏறுங்க!” என்றுதான் கத்துவார். அதில் ஒரு சொல்கூடப் பட்டியலில் இருக்காது. பொய் அபாயத்துக்கு மணி அடித்து, மெய் அபாயத்துக்கு வாய் மூடியிருக்கும் ஏற்பாடு இது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்து வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏறி ஓடுவதற்குக் கிடைத்தது சொற்ப நேரம். மலை மேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் ‘குளிக்கலாமா’ என்ற கேள்விக்கான பதிலை, சொல்லைத் தவறாகக் கேட்கக்கூடிய ஓர் எந்திரத்தின் பொறுப்பில் யாரும் விடக் கூடாது. ஒருவர் பழைய குற்றாலத்தைக் கேட்க, எந்திரம் ஐந்தருவி நிலவரத்தைச் சொன்னால்? மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாவற்றுக்கும் எல்லா நேரமும் ஒரே நிலவரம் இருக்காது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். விடுதி எந்திரங்கள் அறை வாடகையைச் சொல்லட்டும். அருவியில் இறங்கலாமா என்பதைக் கரையில் நிற்கும் போலீஸ்காரரும் அறிவிப்பு ஒலிபெருக்கியும்தான் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயருக்கு வருவோம். குற்றாலத்தை வாயால் சொல்லும்போது ‘குத்தாலம்’ என்கிறோம். மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரிக் கரையில், குத்தாலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. காதுக்கு இரண்டும் ஒன்று. ‘ஆலங்குளம்’ தென்காசி மாவட்டத்திலும் உண்டு, விருதுநகர் மாவட்டத்திலும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்களையெல்லாம் ஒரே பட்டியலில் கொட்டி வைத்தால், எந்த ஊருக்கு அதிக எடை என்று எழுதியிருக்கிறார்களோ அந்த ஊருக்குத்தான் வண்டி போகும். “தென்காசி குற்றாலமா, மயிலாடுதுறை குத்தாலமா?” என்று ஒரு வரி திருப்பிக் கேட்க வைத்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. பண்பொழியை நாம் ‘பம்புளி’ என்கிறோம். ‘பண்பொழி’ என்று எழுத்தைப் பார்த்து ஒலி அமைத்த எந்திரத்துக்கு அது வேறு ஊர். மழையை ‘மள’ என்றும் ஏழு என்பதை ‘ஏளு’ என்றும் சொல்லுகிற ஊர் இது. அதை உச்சரிப்புப் பிழை என்று எந்திரம் ஒதுக்கினால், பிழை எந்திரத்தினுடையது.

வேற்றுமை உருபு சேரும்போது கிராமர் இன்னும் தடுமாறும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எந்த வாக்கியத்திலும் அப்படியே நிற்கும். நமக்குக் குத்தாலத்துக்கு, குத்தாலத்துல, குத்தாலத்துலேந்து. பெயரை ஒரு விதியாகவும் உருபை இன்னொரு விதியாகவும் எழுதி ஒட்டவைத்தால் ‘குற்றாலம்க்கு’ என்றுதான் வரும். அப்படி யாரும் பேசுவதில்லை. ‘-அம்’ என்று முடியும் பெயர் ‘-அத்து’ ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இலக்கணம். தமிழ் ஆசிரியர் ஒருவரை அரை நாள் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், ஒவ்வொரு பெயருக்கும் சரியான வடிவங்களை எழுதிவிடலாம். மென்பொருள் நிறுவனங்கள் இந்த அரை நாளைச் செலவிட மறுப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எண்களில் எச்சரிக்கை இரண்டு மடங்கு வேண்டும். “ரெண்டு மூணு ரூம் வேணும்” என்று ஒருவர் உத்தேசமாகச் சொல்கிறார். போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாங்குவதற்கு எழுதிய அதே விதியை அறை எண்ணிக்கைக்கும் வைத்திருந்தால், எந்திரம் 23 அறை என்று எழுதிக்கொள்ளும். “நாலஞ்சு பேரு வாரோம்” என்றால் 45 பேர். ‘ஒன்பது’ மட்டும் எழுதி ‘ஒம்பது’ எழுதாமல், ‘இருபது’ மட்டும் எழுதி ‘இருவது’ எழுதாமல் விடுவதும் இதே ரகம்.

விவசாயிகளுக்கு வரக்கூடிய நட்டம் வேறு வகை. 2010-களின் தொடக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று, தமிழ் உட்பட ஆறு இந்திய மொழிகளில் விளைபொருள் விலையைப் போனில் சொல்லும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். முன்னோடி வேலை அது. மாவட்டம், சந்தை, பொருள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் விலை வரும். கூப்பிடுகிறவர்களின் பின்னால் வண்டிச் சத்தமும் மாட்டுச் சத்தமும் மற்றவர் பேச்சும் கலந்து வந்ததை அதன் ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் காலத்துப் பட்டியல்களை எடுத்துப் புது எண்ணில் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்றுதான் பிறந்தது. பழைய பட்டியலில் அது இருக்காது. ‘தென்காசி’ என்று சொல்கிற விவசாயியை எந்திரம் ‘சிவகாசி’க்குக் கொண்டுபோனாலும் ஆச்சரியமில்லை.

பொருளின் பெயரும் அப்படியே. பாவூர்சத்திரம் சந்தையில் பெரிய வெங்காயம் என்றா கேட்பார்கள்? பல்லாரி. கொத்தவரங்காய்க்கு நாம் சொல்வது சீனியவரக்கா. பட்டியலில் ‘கொத்தவரை’ இருந்து, ‘அவரைக்காய்’ இருந்து, ‘சீனியவரக்கா’ இல்லாமல் போனால், அவரைக்காயின் விலை கேட்டவர் காதில் விழும். அவர் அதை நம்பி மூட்டையை ஏற்றுவார், அல்லது ஏற்றாமல் விடுவார். இரண்டும் அவருக்கு இழப்பு. புளியங்குடி எலுமிச்சை வியாபாரத்தில் இப்படி ஒரு நாள் விலை மாறினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சந்தைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

“இப்ப ஏ.ஐ. வந்தாச்சு, பட்டியலே தேவையில்லை”

விற்க வருகிறவர் அடுத்து இதைத்தான் சொல்வார். எதைப் பேசினாலும் எழுத்தாக்கும் பெரிய மாதிரிகள் வந்துவிட்டன என்பது உண்மை. அவற்றால் நன்மை உண்டு என்பதும் உண்மை. ஆனால் அவை வேறு விதத்தில் வழுக்கும். பட்டியல் முறையில் எந்திரம் நம் சொல்லைத் தவறாகக் கேட்கும். இவற்றில் சில, நாம் பேசாத வாக்கியத்தையே எழுதிவைக்கும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ‘விஸ்பர்’ மாதிரியைச் சோதித்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் அப்படிப் பேசாத சொற்றொடர்கள் முளைத்திருப்பதைக் கண்டது. அவற்றில் பல தீங்கு விளைவிக்கக்கூடியவை. பேச்சுக்கு நடுவில் நீண்ட மௌனம் விடுகிறவர்களுக்கு இது கூடுதலாக நடந்தது. மருத்துவமனைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குப் போகும் குரல் யாருடையதோ, அவருக்குத்தான் எந்திரம் நன்றாகக் காது கொடுக்கும். அமெரிக்காவில் 2020-இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசிய நூறு சொல்லில் சராசரியாக 19 பிழை. கறுப்பினத்தவர் பேசியதில் 35. ஒரே ஆங்கிலம், வழக்கு வேறு, பிழை ஏறத்தாழ இரண்டு மடங்கு. தமிழிலும் ஒரு சோதனை நடந்தது. வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் முதியவர்களும் திருநங்கைகளும் பேசுவதைப் பதிவு செய்து 2022-இல் ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முன்னணியில் வந்த முடிவுகளிலேயே நூறு சொல்லில் ஏறத்தாழ 39 பிழை. முதியவர் ஒருவர் போனில் மருத்துவமனையைக் கூப்பிடும்போது ஐந்தில் இரண்டு சொல் தவறாகப் போகிறது என்றால், அந்த இரண்டில் ‘வலி’ என்ற சொல்லும் இருக்கலாம், ‘நெஞ்சு’ என்ற சொல்லும் இருக்கலாம்.

பெரிய மாதிரிகளிலும் பட்டியல் மறைந்துவிடவில்லை. உங்கள் ஊர்ப் பெயர், மருத்துவர் பெயர், பொருள் பெயர் இவற்றைச் சொற்றொடர்ப் பட்டியலாகக் கொடுத்து, “இவை வந்தால் முன்னுரிமை கொடு” என்று ஏற்றிவிடும் வசதி பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. உதவும்தான். ஆனால் முன்னுரிமையை அளவுக்கு மீறி ஏற்றினால், சொல்லாத இடத்திலும் அந்தப் பெயரையே எந்திரம் கேட்கத் தொடங்கிவிடும். ‘ஐந்தருவி’யைத் தூக்கி வைத்தால் ‘அஞ்சு’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் ஐந்தருவிக்குப் போகிறவர் ஆவார். படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நம் ஊர்க்குரல்களை வைத்துச் சோதிக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்ய முடியுமா? முடியும். இருபது ஆண்டுக்கு முன்பே தமிழ்நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளும் பயன்படுத்தக்கூடிய ஒரு தமிழ்ப் பேச்சு அமைப்பைச் சோதித்தார்கள். மூன்று மாவட்டங்களில் 70-க்கும் மேற்பட்டவர்களின் குரலைப் பதிவு செய்து, எண்களையும் சில கட்டளைச் சொற்களையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் சின்னதாக இருந்தது. ஆனால் அது அந்த மக்களின் வாயிலிருந்து வந்த பட்டியல். பெரிய கணினி இல்லை, பெரிய பணம் இல்லை. ஊருக்குள் போனார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். இன்றைக்கு நம்மிடம் அதைவிடப் பல மடங்கு வசதி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில், 22 இந்திய மொழிகளில் மக்கள் தாளைப் பார்த்து வாசிக்காமல் இயல்பாகப் பேசிய பதிவுகளே மிகுதி. இந்திய மொழிகளுக்கான ‘பாஷிணி’ என்ற அரசுத் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. கி. ராஜநாராயணன் 1982-இல் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தென் மாவட்டத்துக்காகக் கிராமர் எழுதுகிற எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

குற்றாலத்திலிருந்து சிறிது தூரத்தில், மத்தளம்பாறையில், ஜோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாக அலுவலகம் நடத்துகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே உலகத் தரத்தில் மென்பொருள் எழுதுகிறார்கள். 2025 ஜூலையில் அந்த நிறுவனம் அறிவித்த இரண்டு பேச்சறி மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் இந்திக்குமானவை. தமிழின் முறை வரும்போது, மத்தளம்பாறைப் பேருந்து நிறுத்தத்தில் கேட்கும் தமிழும் அதற்குள் போக வேண்டும். இதை உரிமையோடு கேட்கிறேன், ஏனென்றால் அதைச் செய்யத் தகுதியான காதுகள் அங்கேயே இருக்கின்றன.

எண் அமைக்கப் போகிறவர்கள் உடனே செய்ய வேண்டியது இது. வரவேற்பு மேசையில் போன் எடுக்கிறவரோடு சில நாள் உட்காருங்கள். கூப்பிடுகிறவரின் சம்மதம் வாங்கி, அவர்கள் கேட்கும் வாக்கியங்களை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாட்டிகள் சொன்னது, ஆட்டோக்காரர் சொன்னது, மலையாளி சொன்னது எல்லாம் வேண்டும். ஒவ்வொரு ‘செய்’யோடும் அதன் ‘செய்யாதே’யையும் தனிப் பதிலாகப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் “விளங்கல, இன்னொரு தடவ சொல்லுங்க” என்று சொல்லும் வழியை அடைக்காதீர்கள். இரண்டு தடவை விளங்காவிட்டால் மூன்றாவதாக எந்திரம் பேசக் கூடாது, மனிதர் பேச வேண்டும். எந்த நேரத்திலும் 0 அழுத்தினால் ஆள் கிடைக்க வேண்டும். சோதனையை அமைதியான அறையில் நடத்தாதீர்கள். சாரல் நாளில், அருவிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று, சாதாரண போனில் நடத்துங்கள்.

போனில் எந்திரத்திடம் பேசப் போகிற நீங்களும் உஷாராக இருங்கள். பணம், மருந்து, ஓ.டி.பி., நிலம் பற்றிய எதையும் எந்திரத்திடம் ‘ஆமா’ சொல்லி முடிக்காதீர்கள். அது திருப்பிச் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். தவறாக இருந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த அலுவலகத்தில் ஓர் ஆளிடம் பேசி, எந்திரம் எதைப் பதிவு செய்திருக்கிறது என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.